அப்பா எழுதிய குறிப்பு

அரக்கு உருகும்போது முதலில் ஒரு சிறு சீறல் கேட்கும். அதற்குப் பின்னால்தான் வாசனை வரும், எரிந்த பிசினும் பழைய தூசியும் கலந்தாற்போல. தொண்டைக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். விடைத்தாள் திருத்தும் முகாமின் கடைசி நாள் பிற்பகல் அது. துணியில் கட்டிய பொதிகளின் முடிச்சுகள்மேல் உதவியாளர் ஒருவர் மெழுகுவர்த்திச் சுடரில் அரக்குக் குச்சியைக் காட்டிக் காட்டிச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். எத்தனையோ வருஷமாக ஆங்கிலப் பேப்பர் திருத்துகிறேன். ஒவ்வொரு முகாமிலும் இந்த நேரத்துக்கு நான் ஜன்னல் பக்கம்தான் நிற்கிறேன். என் அண்ணனின் சட்டையில், தலைமயிரில், சாப்பாட்டுத் தூக்கில்கூட இந்த வாசனை இருந்தது.

ஐம்பதுகளில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம், சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். அப்பாவுக்குத் திருச்சியில் ஒரு சர்க்கார் ஆபீசில் ஹெட்கிளார்க் வேலை. காலையில் சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடந்து போவார், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார். அவர் எழுதும் குறிப்புகளை மேலதிகாரிகள் திருத்துவதில்லை என்பதில் அவருக்கு ஒரு கர்வம். வலது பக்கம் சாய்ந்த கையெழுத்து. காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி எல்லா எழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆபீஸ் ஜீப் டிரைவரின் மனைவி தன் மகனோடு வீட்டுக்கு வந்தாள். டிரைவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பையன் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறியவன். அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அந்த அம்மாள் பேசினாள், குடிக்கவில்லை. "இவங்க அப்பா கைநாட்டுங்க. இவனாச்சும் நாக்காலில உக்காரட்டும்னுதான் படிக்க வச்சாரு. ஒரு பாடம்தாங்க போயிருக்கு. நீங்க ஒரு வரி எழுதினா நடக்கும்ங்கிறாங்க."

அப்பா குரலை உயர்த்தவில்லை. "தேறாத பையனைக் கிளார்க்கா எப்படீங்க போடறது? பியூன் வேலைன்னா நாளைக்கே எழுதி அனுப்பறேன். அதுக்கு மேல கேக்காதீங்க." அவர்கள் போன பின் டம்ளரில் காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவனும் எஸ்.எஸ்.எல்.சி.தான் படித்துக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் அவனுக்கு வராது. வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல அந்த மொழியை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வருவான்.

அடுத்த வருஷமே அப்பா போய்விட்டார். ஆபீஸ் மேஜையிலேயே, பேனாவை மூடாமல். அண்ணன் அதற்குள் பரீட்சை எழுதியிருந்தான். மற்றதெல்லாம் தேறி, இங்கிலீஷில் முப்பத்துமூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். எனக்குப் பதினான்கு வயது. அம்மா படித்தது ஐந்தாவது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மாவும் அண்ணனும் ஆபீசுக்குப் போனார்கள். அண்ணனைக் கிளார்க்காகப் போட்டால் வாடகையும் கட்டலாம், என் படிப்பும் நிற்காது. இரண்டு வருஷத்துக்குள் தேறிவிடுவான் என்று எழுதிக்கொடுக்கவும் தயாராக இருந்தார்கள்.

அப்பாவின் நாற்காலியில் அவருக்குக் கீழே இருந்தவர் உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாராம். கண்ணெல்லாம் கலங்கிவிட்டதாம். பிறகு ஒரு கோப்புக்கட்டை எடுத்து வந்து பிரித்து, அதன்மேல் கையை வைத்து மறைத்தபடியே பேசினாராம். "தம்பி, இந்த மாதிரி கேசுக்குன்னு தனி ரூல் எதுவும் கிடையாது. முன்னாடி என்ன செஞ்சிருக்கோம்னுதான் மேல கேப்பாங்க. முன்னாடி இருக்கறது இது ஒண்ணுதான். உங்க அப்பா எழுதினது."

ஆபீசுகளின் வழக்கம் அது. விதி இல்லாத இடத்தில் பழைய கோப்புதான் விதி. டிரைவர் மகனுக்கென்று அப்பா எழுதிய குறிப்பு, யாரும் திருத்தாத அந்தச் சாய்ந்த எழுத்து, அவருடைய சொந்த மகனுக்காக ஒரு வருஷம் அலமாரியில் காத்திருந்திருக்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை குறிப்பு எழுதினாரோ, இப்படி ஒன்று தன் வீட்டு வாசலுக்கு வரும் என்று நினைத்திருப்பாரா? நினைத்திருந்தாலும் மாற்றி எழுதியிருக்க மாட்டார். அதுதான் என்னை இன்றும் தூங்கவிடாதது.

அடுத்த வாரமே அண்ணன் பியூன். காக்கிச் சட்டை, தோளில் குறுக்கே டவாலி, அதில் பித்தளை வில்லை. அப்பாவின் சைக்கிள், அதே பாலம், அதே ஆபீஸ். முதல் நாள் அறை வாசலில் பியூன்கள் உட்காரும் பெஞ்சில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். டிரைவரின் மகன். அண்ணனைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார்ந்து, "வாங்க சின்னய்யா, இடம் நிறைய இருக்கு" என்றானாம். அதைச் சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தான். அன்று அவன் சோறு இறங்காமல் தட்டை நகர்த்தி வைத்தது எனக்குத்தான் தெரியும்.

உள்ளே இருந்தவர்களும் விடவில்லை. "சின்ன ஹெட்கிளார்க்கு வராரு, எல்லாரும் எந்திரிங்கப்பா! அப்படியே ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க சார்!" கெட்டவர்கள் இல்லை. அப்பாவிடம் பயந்து பயந்து வேலை செய்தவர்கள், அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று தெரியாதவர்கள். மாலைத் தபாலுக்கு உறைகளை முத்திரையிடுவது அண்ணனின் வேலையாயிற்று. அரக்கு சொட்டி வலது கட்டைவிரலில் ஒரு தழும்பு விழுந்தது. ஆறுவதற்குள் அதன்மேலேயே இன்னொன்று விழும்.

வேலைக்குச் சேர்ந்த சில நாளில் ஒரு துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினான். கோப்பிலிருந்து அப்பாவின் வரிகளை எழுத்தெழுத்தாகப் பார்த்து, படம் வரைவதுபோல வரைந்து கொண்டுவந்திருந்தான். சாய்வுகூட அப்படியே இருந்தது. "நீதான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டாச்சே. என்ன எழுதியிருக்காருன்னு சொல்லு பாப்பா."

படித்தேன். இரக்கம் வேலை கொடுப்பதோடு நிற்க வேண்டும், தகுதியைத் தளர்த்தும்வரை அது நீளக் கூடாது என்று எழுதியிருந்தார். இந்தப் பையனுக்குத் தளர்த்தினால் நாளை ஒவ்வொரு சாவும் ஒரு சலுகை கேட்டு வந்து நிற்கும் என்றும் எழுதியிருந்தார். நல்ல ஆங்கிலம். அவ்வளவு நல்ல ஆங்கிலத்தை அதற்கு முன் நான் படித்ததில்லை.

"அந்தப் பையன் நல்லவன், பின்னாடி தேறினா உடனே மேல போடணும்னு எழுதியிருக்காரு" என்றேன்.

அண்ணன் தலையாட்டினான். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு இரண்டு முறை பரீட்சை எழுதினான். பணம் கட்டி, லீவு சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாக அந்தச் சின்ன பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து. மார்க் ஏறவில்லை, இறங்கிற்று. மூன்றாவது முறை படிவம் வாங்கி வந்து கொடுத்தேன். பரண்மேல் வைத்தான். அது அங்கேயே மஞ்சளாகிப் போயிற்று. நான் காலேஜுக்குப் போனேன், டீச்சர் படிப்பு படித்தேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாமலா இருந்தது? உட்கார்ந்து அவனுக்கு ஒரு பாடம் நடத்தியதில்லை. அவனும் கேட்டதில்லை, நானும் கேட்கவைத்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் எனக்கு ராமநாதபுரம் பக்கத்தில் வேலை கிடைத்தது. அம்மாவும் நானும் புறப்பட்டோம். ஜங்ஷனுக்கு அண்ணன் காக்கிச் சட்டையோடு வந்தான், தபால் கட்டிவிட்டு நேரே. அரக்கு வாசனை ரயில் புகையையும் தாண்டி வந்தது. அந்த மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலை கண்டு ஆஸ்பத்திரியில் போய்விட்டான். தந்தி கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாதவன். அவன் வேலையைக் கேட்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்க அவனுக்கு வாரிசு இல்லை.

இந்த முகாமில் இன்று காலை ஒரு தாள் என் கைக்கு வந்தது. கூட்டல் முப்பத்துமூன்று. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கூட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, விட்டுப்போன அரை மார்க் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். ஒரு கட்டுரையின் கடைசி வரியில் நெடுநேரம் நின்றேன். கொடுக்கலாம், கொடுத்தால் யாருக்கும் தெரியாது. நான்கு தடவை கூட்டினேன். முப்பத்துமூன்றுதான். அதையே எழுதினேன். எழுதிய பிறகுதான் பார்த்தேன், இரண்டு மூன்றுகளும் வலது பக்கம் சாய்ந்திருந்தன. இப்போது அந்தத் தாள் பொதிக்குள் இருக்கிறது. முடிச்சின்மேல் அரக்கு விழுந்து, முத்திரை பதிந்து, ஆறிக்கொண்டிருக்கிறது.

அன்று ஜங்ஷனில் ரயில் நகர்வதற்குச் சற்று முன்னால், ஜன்னல் கம்பியில் அந்தத் தழும்பு விரலை வைத்துக்கொண்டு அண்ணன் சொன்னான்.

"பாப்பா, அப்பா எழுதினதுக்கு நீ ஒரு அர்த்தம் சொன்னியே, அது இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"யார் சொன்னாங்க?"

"டிரைவர் மகன்தான். அவனுக்கு அது மனப்பாடம்."

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்து கேட்டே?"

"நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான்." சிரித்தான். வண்டி அசைந்தது. கம்பியை விடாமல் கூடவே நாலு எட்டு நடந்தான்.

"வாத்தியார் வேலைக்குப் போறே. ஒண்ணு மட்டும் கேக்கறேன். முப்பத்துமூணு போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கூட்டிப் பாரு, பாப்பா."