குப்பையில் போட்டு எடுத்த பெயர்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஏவன்டேல் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. புதிதாக வருகிறவர்கள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று தங்கள் மலை எது, ஆறு எது, பெயர் என்ன என்று சொல்ல வேண்டும். இந்த மண்ணின் மாவோரி வழக்கம் அது. மலையை எப்படியோ சமாளித்தேன். ஆற்றையும் சொன்னேன், அதில் தண்ணீர் வந்து பல வருஷமாகிறது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டது பெயரில்தான்.

என் பெயர் குப்பு. பாஸ்போர்ட்டில் குப்பம்மாள். பள்ளிக்கூடத்தில் பட்ட கேலி போதாதென்று, கல்யாணப் பத்திரிகையிலாவது வேறு பெயர் போடலாமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பெயர்!

"எங்கள் மொழியில் 'குபு' என்றால் சொல் என்று அர்த்தம். உங்கள் மொழியில்?" என்று ஒரு மாவோரிப் பெண் ஆசையாகக் கேட்டார். குப்பை என்று எப்படிச் சொல்வது? அங்கே வெகுகாலமாக நர்ஸாக இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் பின்னாலிருந்து, "பொற்குவியல்!" என்று ஆங்கிலத்தில் போட்டாரே ஒரு போடு! ஒரே கைதட்டல்.

டீ குடிக்கும்போது, "ஏன்க்கா இப்படி?" என்றேன்.

"குப்பை எண்டால் குவியல்தானே? என்ன குவியல் எண்டு ஆர் கேக்கப் போகினம்? பேசாம இரும்."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சில மாதம் கழித்து எங்கள் மேனேஜர் அம்மா என்னையும் அக்காவையும் கூப்பிட்டார். அவருக்கு நிறைமாதம். ஏற்கெனவே இரண்டு முறை கருவிலேயே இழந்தவர். பயத்தில் இதுவரை பெயரே யோசிக்கவில்லையாம். பெண் குழந்தைதான் என்று தெரிந்துவிட்டது, நடுப்பெயராகக் குப்பு என்று வைக்கப்போகிறேன் என்றார். பொற்குவியலாம்! நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

வெளியே வந்ததும், "சொல்லாதையும். பாவம், சந்தோஷமா இருக்கிறா" என்றார். சொல்லாமல் எப்படி இருப்பது? நாளைக்கு நம்மவர்கள் வந்துபோகும் சான்ட்ரிங்ஹாம் கடையில் நின்று அந்த அம்மா, "குப்பு, இங்கே வா" என்று கூப்பிட்டால் வெண்டைக்காய் பொறுக்குகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா? அந்தப் பிள்ளைக்கும் நான் பட்டதுதானா?

மறுநாள் காலையில் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். அம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து என்னைத் திரும்ப வாங்கினாள். குப்பைதானே என்று எமன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவானாம். அதற்காகவே வைத்த பெயர்.

 வேலை போச்சு என்றே நினைத்தேன். ஆனால் மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அது பலித்ததா?"

"நாப்பது வயசாச்சு. உங்க முன்னாடிதானே நிக்கிறேன்!" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். பொற்குவியல் வேண்டாம், எனக்கு இந்தக் குப்புதான் வேண்டும் என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. கொஞ்ச நாளில் எங்களை வீட்டுக்கு அழைத்தார். தோட்டத்து மூலையில் இலைதழை போட்டு மக்கவைக்கும் குவியல் இருந்தது. அதன்மேல் கனமான துண்டை மடித்துப் போட்டு, பிள்ளையைக் கிடத்திய கையோடு அக்கா தூக்கிக்கொண்டார். தவிட்டுக்கு எங்கே போவது? சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் ஓட்ஸ் தவிடு ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தார் மேனேஜர். அதை நீட்டினார்.

"இவ்வளவு வடிவான பிள்ளைக்கு ஒரு பாக்கெட்டோ? தரமாட்டன்!" என்று அக்கா பிள்ளையை அணைத்துக்கொண்டார். பாஷை புரியாவிட்டாலும் பேரம் புரிந்துவிட்டது. அந்த அம்மா உள்ளே ஓடி, பிஸ்கட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தார்!

இப்போதெல்லாம் பெயருக்கு அர்த்தம் கேட்டால் கூசாமல் சொல்கிறேன். பிள்ளை தங்கினால் போதும் என்று நடுங்கிய ஒருத்தி வைத்த பெயரை, நாலு பேர் சிரிப்பார்கள் என்று இத்தனை வருஷம் மறைத்தேனே, அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.