கஞ்சியும் சாப்பாடுதான்

எண்பதுகளின் தொடக்கத்தில், வட சிலாங்கூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் நான் அட்டெண்டனாக இருந்தேன். ஆண்கள் வார்டு. படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. அந்த வார்டில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்து படுத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தலைமாட்டில் மலாயில் 'புவாசா' என்று அட்டை தொங்கியது. வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். தோட்டத்து ஆளுக்கு அது மலாய்க்காரர்களின் நோன்பு மாதம், அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முதல்நாள் மாலை மிசி, அதாவது நர்ஸ், மலாயில், சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். படுத்திருந்தவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் மனைவி தூக்குச்சட்டியோடு வார்டு வாசலில் நின்றார். சுங்கை பெசார் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அது பார்வை நேரம் இல்லை.

"தங்கச்சி, ஒரே ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டு வந்துர்றேன்."

பாவமாக இருந்தது. "சீக்கிரம் வந்துருங்கக்கா, மிசி பாத்தா ஏசும்லா" என்று கதவைத் திறந்துவிட்டேன். சட்டியைப் பார்த்தேன். அதில் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒன்பதரைக்கு நான்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். ஆபரேஷன் அறை வாசலில், சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்டார்கள். இல்லை என்றார். அவரைப் பொறுத்தவரை அது பொய் இல்லை.

மயக்க மருந்து ஏறியதும் வாந்தி வந்து, நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் மாலை இறந்துபோனார்.

காலையில் ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டதை இறந்தவரின் மனைவிக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

"சோறு கூடாதுன்னாங்கன்னு அவரே சொன்னாரு. அதான் கஞ்சி மட்டும் குடுத்தேன். வெறும் வயித்துல எப்படிம்மா கத்தி வைக்கிறது?"

கதவைத் திறந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்து நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை. வார்டுக்குப் பொறுப்பான சீன சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.  அவர் மலாயில், "அவருக்கு விளங்கியதா என்று நாங்களும் கேட்கவில்லையே" என்றார். மறுநாள் என்னைத் தமிழில் ஓர் அட்டை எழுதவைத்தார். 'சோறு, கஞ்சி, பால், தேத்தண்ணி, பச்சைத்தண்ணி எதுவும் கூடாது.' ஆபரேஷன் நாளில் ஒவ்வொரு தமிழ் நோயாளியிடமும், "விடிஞ்சதுலேர்ந்து வாய்க்குள்ள என்ன போச்சு?" என்று கேட்பதும் என் பொறுப்பானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் அந்த அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனேன். அவர் துணி பிழிந்துகொண்டிருந்தார்.

"தப்பு உங்க மேல இல்லக்கா. நாங்கதான் ஒழுங்கா சொல்லல. கதவையும் நான்தானே..."

"என் கையாலதானே குடுத்தேன்" என்றார். மறுபடி துணியைப் பிழிந்தார். உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஒரு லோரி ஓட்டுநர், நான் இரண்டு தடவை கேட்ட பிறகு, தேத்தண்ணி குடித்ததை ஒத்துக்கொண்டார். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். வீணாக இரண்டு நாள் படுக்கவைத்துவிட்டேன் என்று வீட்டுக்குப் போகும்வரை என்னை ஏசிக்கொண்டே இருந்தார்.