சுமாரான மகள்

தொண்ணூறுகளின் நடுவில் மொன்றியலின் லாசால் பகுதியில் நாங்கள் இருந்த மாடிக் குடியிருப்பில் எதிர்க்கதவு ஒரு சீனக் குடும்பத்தினுடையது. தகப்பன், தாய், ஒரே மகள். அவளும் நானும் கல்லூரியில் ஒரே வகுப்பு. எங்களுக்குள் ஆங்கிலம்தான். ஆனால் நினைக்கும்போது அவள் எங்கள் தமிழில் கதைப்பதாகவே எனக்குக் கேட்கிறது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்து கேட்பவர்களில் பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்பும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். மொன்றியலிலேயே படிக்கலாமே என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். சீனாவில் எஞ்சினியராக இருந்த அவளுடைய அப்பா, டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பெரிய பாரம் என்பாள்.

மாசியில் நேர்முகம் வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஒருவர் நகரத்துக் கோப்பிக் கடையில் அவளைச் சந்திப்பதாக ஏற்பாடு. முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் மகளைத் தனியே அனுப்புவாரா தகப்பன்? அவரும் வந்தார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். "போன வேலையைப் பாத்திட்டு நேர வா. கண்ட இடத்தில நிண்டு கதைக்காத," என்று சொல்லித்தான் அம்மா விட்டார்.

ஒருத்தியை எதிர்பார்த்திருந்த வெள்ளைக்காரர் மூன்று பேரைக் கண்டு திகைத்தார். நானும் தகப்பனும் பக்கத்து மேசையில் ஒதுங்கிக்கொண்டோம். அவள் நன்றாகவே கதைத்தாள். இரண்டு தரம் அவரைச் சிரிக்கவும் வைத்தாள். முடிந்ததும் அவர் எழுந்து வந்து தகப்பனின் கையைக் குலுக்கினார்.

"உங்கட மகள் பெரிய கெட்டிக்காரி. உங்களுக்குப் பெருமையா இருக்கும்."

தகப்பன் இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். "இல்லை, இல்லை. சுமார்தான். சோம்பேறி. கணக்கு மெதுவாத்தான் ஏறும்."

கணக்கில் எங்கள் வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. வெள்ளைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் இரண்டு வீட்டுக் காகங்களும் அதை வெளியில் சொல்லமாட்டா. என்னை யாராவது புகழ்ந்தால் அம்மா நாவூறுக்குப் பயந்து, "உது சரியான மொக்கு," என்று முந்திக்கொள்வார். இவருக்கோ அந்நியர் முன்னால் பிள்ளையைப் புகழ்வது மரியாதைக்கேடு.

"எங்கட ஆக்கள் இப்பிடித்தான் சொல்லுவினம்," என்று அவசரமாக இடையில் புகுந்தேன். வெள்ளைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தார். நான் எந்த வகையில் அவர்களுடைய ஆள் என்று அவருக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

திரும்பும்போது மெட்ரோவில் தகப்பன் தூங்கிவிட்டார். அவள் கையுறையின் நூலைப் பிய்த்துக்கொண்டே வந்தாள். காரியத்தைக் கெடுத்துவிட்டாரே என்று திட்டப்போகிறாள் என நினைத்தேன்.

"அப்பா சொன்னது உண்மையோ?" என்று கேட்டாள்.

"உனக்கென்ன விசரோ? அது சும்மா பணிவுக்குச் சொல்லுறது. என்ர அம்மாவும் அப்பிடித்தான்."

"உன்ர அம்மா எப்பவாவது மற்ற மாதிரிச் சொல்லியிருக்கிறாவோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பங்குனி முடியுமட்டும் அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தபால் வராத ஞாயிற்றுக்கிழமையிலும் கீழே போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். அவளோடு நானும் ஏறி இறங்கினேன். பெரிய உறை வந்தால் இடம் கிடைத்தது, சின்ன உறை என்றால் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். கடைசியில் வந்தது சின்ன உறை.

படியில் நின்றே அதைப் பிரித்தாள். அந்த நேரம் பார்த்துத் தகப்பன் வேலை உடுப்போடு உள்ளே வந்தார். கடிதத்தை அவரிடம் நீட்டி ஆங்கிலத்தில் சொன்னாள், எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ. "நீங்கள் சொன்னது சரி. நான் சுமார்தான்."

மேலே ஓடிப்போய்க் கதவை அறைந்து சாத்திச் சங்கிலியைப் போட்டாள்.

அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. என்னிடம் திரும்பி, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். "அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. சின்னனிலயிருந்தே."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "என்னட்ட ஏன் சொல்லுறியள்? போய் அவளிட்டச் சொல்லுங்கோ."

அவர் மேலே ஏறினார், பின்னால் நானும். தன் வீட்டுக் கதவின் முன்னால் நின்று சீனத்தில் ஏதோ தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். அந்த மொழியில் அவருக்கு அது வாயில் வரவில்லை போலும். பிறகு, கடையில்கூடக் கதைக்கக் கூச்சப்படும் ஆங்கிலத்தில், நடைக்கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"என்ர மகள் சுமார் இல்லை."

கதவு திறக்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். எங்கள் கதவைத் திறந்து எட்டிப்பார்த்த அம்மா, "என்னவாம் அந்தாள்?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஊர் கேக்க உப்பிடிச் சொல்லலாமோ?" என்று என்னை உள்ளே இழுத்தார்.

இடம் கிடைக்காமல் போனது அவளுக்கு. பொறாமையில் அழுதது நான்.