வேரோடு வந்த செடி

மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் வீங்கிய அந்த வருடம், தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏற என்னால் முடியவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுக்காதவளுக்கு அரிசி கிடையாது. துரை பங்களாப் பூந்தோட்டத்துக்கு ஓர் ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் நொண்டிக்கொண்டே போய் நின்றேன். சமதரை வேலை. அதை வேறு யாருக்கும் விடுவதாக இல்லை.

துரைசாணி என்னைப் பூந்தோட்டத்துக்கு அழைத்துப் போகவில்லை. கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார். உள்ளே நாலைந்து ஓடை மீன்கள், அடியில் வெறும் மணல். தண்ணீருக்குள்ளேயே வளரும் செடி வேண்டுமாம், அதுவும் யாரிடமும் இல்லாத செடி. கொண்டு வந்து வளர்த்துக் காட்டினால் வேலை எனக்கு என்று சமையல்கார அப்பு தமிழில் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு.

கொஸ்லந்தைக்கு இறங்கும் காட்டில், குச்சி ஊன்றி மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினேன். கடைசியில் நிழல் கவிந்த ஒரு ஓடையில், முழங்காலளவுத் தண்ணீருக்குள் விளிம்பு நெளிந்த பழுப்பு இலைகள் ஆடிக்கொண்டிருந்தன. சந்தோஷத்தில் கை தன் வழக்கத்தைக் காட்டிவிட்டது. நுனி நுனியாகக் கிள்ளி மடியில் போட்டேன். பத்து வருடம் கொழுந்து கிள்ளிய கை அல்லவா. பங்களாவுக்கு வந்த பிறகுதான் ஒன்றிலும் வேர் இல்லை என்பது உறைத்தது.

"தேயிலைத் தூளாக்கவா கொண்டாந்த?" என்றார் அப்பு.

என் கையை நானே வெட்டிப் போடலாம் போல் ஆத்திரம் வந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடி இறங்கினேன். வேரை மணலோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்து தொட்டியில் நட்டேன். நாலாம் நாள் இலைகள் வெளிறின. ஏழாம் நாள் கூழாகக் கரைந்துபோயின. தொட்டியைக் கழுவி வைத்துவிட்டு மலைக்கே போகச் சொல்லி உத்தரவு வந்தது.

நான் போகவில்லை. மணலுக்குள் விரலை விட்டுப் பார்த்திருந்தேன். வேர் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. துரை வரும்வரை வராந்தாவில் நின்றேன். அவருக்குத் தமிழ் தெரியும்.

"தொரை, கவ்வாத்து வெட்டுன தேயிலைய செத்துப்போச்சுன்னு யாராச்சும் புடுங்கிப் போடுவாங்களா? வெறுங்குச்சியாத்தானே நிக்கும், பொறகு துளுக்கும். இதுக்கும் வேர் உசுரோட இருக்குங்க. ஒரு மாசம் குடுங்க."

அவர் என்னையும் கூடத்துக் கதவு வழியே தெரிந்த தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மாசம்," என்றார்.

தினமும் கூழை வாரி, பாதித் தண்ணீரை மாற்றினேன். போகவர அப்பு கேலி பேசினார். நான் என் வேலையைப் பார்த்தேன். மாதம் முடிய ஒரு வாரம் இருக்கையில், மணலைப் பிளந்துகொண்டு சிவப்பாக ஒரு சுருள் இலை எட்டிப் பார்த்தது. அழுதுவிட்டேன். வெட்கப்படவில்லை.

துரைசாணிக்குத் தலைகால் புரியவில்லை. பதுளையில் இருக்கும் சிநேகிதிகளுக்கும் வேண்டுமாம். குதிரைக்காரனை அனுப்பி அள்ளி வரச் செய்யலாம், ஓடை எங்கே என்று மட்டும் சொல் என்றார். வழியைச் சொன்னால் மறுநாளே நான் கூடையும் கையுமாக மலையில் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா?

"எத்தன வேணுமோ நானே கொண்டாந்து நட்டுத் தாறேன்னு சொல்லுங்க," என்றேன் அப்புவிடம்.

முழங்கால் கடைசிவரை சரியாகவில்லை. பதினெட்டு வருடம் அந்தப் பூந்தோட்டத்தில் வேலை செய்தேன். ஓடைக்குப் போகும் வழியை ஒருவருக்கும் சொல்லவில்லை.