அடுத்த வசனம்

செங்கம் ரோட்டில் உள்ள எங்கள் சின்ன சபைக்கு அப்பாதான் போதகர். அவருக்குப் பிறகு அண்ணன் என்று வீட்டிலேயே முடிவாகிவிட்டது. சபை வளாகத்து அறையில் குடியிருந்த விதவை மேரியக்காவைக் காலி பண்ண வைத்து, பக்கத்து ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டவன் அவன்.

அண்ணன்தான் அடுத்த போதகர் என்று அறிவிக்கிற ஞாயிறு, வேதம் வாசிக்கும் முறை என்னுடையது. தாவீது ராஜாவின் பிள்ளையைச் சிங்காசனத்தில் உட்கார வைப்பதாகக் கடவுள் கொடுத்த வாக்கை அப்பா குறித்துத் தந்தார். “அதோட நிறுத்திக்கம்மா” என்றார்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தால், கடைசி வரிசையில் மேரியக்கா. என் வாய் நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகள் கடவுள் சொன்னபடி நடந்தால்தான் சிங்காசனம் நிலைக்கும் என்கிற அடுத்த வசனத்தையும் வாசித்தேன்.

“போதும்மா” என்றார் அப்பா, மைக்கைப் பொத்திக்கொண்டு.

“இதுவும் வேதத்துலதானப்பா இருக்குது” என்று அவர் கையை விலக்கி, அதையே மறுபடி வாசித்தேன்.

இப்போது அண்ணன்தான் போதகர். வாசிக்கும் முறை எனக்குக் கிடையாது. அவனுக்குப் பிடித்த பகுதியும் அந்தச் சிங்காசன வாக்குதான். அடுத்த வசனத்துக்கு முன்னால் அவன் நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும், மிச்சத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொல்கிறேன். கடவுள் முழுசாகக் கொடுத்த வாக்கைப் பாதியாக்க இவன் யார்?

போன ஞாயிறு என்னோடு இன்னொரு குரலும் சேர்ந்து சொன்னது. திரும்பிப் பார்த்தேன். அப்பா.