பழைய ஆளுக்கு எதற்குச் சான்று

எங்கள் வார்டில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் போட்டதற்குச் சீட்டு வைத்திருப்பவர் யார், ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி தெரிந்தவர் யார் என்று செவிலியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. சிதம்பரத்தில் நான் முதலில் சேர்ந்த அந்தச் சின்ன மருத்துவமனையில், குழந்தைகள் வார்டின் தலைமை சிஸ்டர்தான் அதை எழுதி வந்தார். எனக்கு ஊசி போட்டாயிற்று என்று அம்மா சொன்னதாகச் சொல்லிப் பார்த்தேன். உங்கம்மா என்ன லேபா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். அவர் பெயருக்கு எதிரே மட்டும் 'பழைய ஆள்' என்று இருந்தது. முப்பது வருடம் காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கியவரிடம் சீட்டு கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? நாங்களும் கேட்கவில்லை.

ஒரு நாள் புவனகிரிப் பக்கத்திலிருந்து ஒருத்தி குழந்தையோடு வந்தாள். அம்மை கண்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் ஒருவருக்கும் தெரியாமல் கிளம்பி, எங்களிடம் வெறும் சளி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு மூச்சு இழுத்தது. சிஸ்டர் மாஸ்க் இல்லாமலே வாரி எடுத்தார். காதுக்குப் பின்னால் தடிப்பைப் பார்த்ததும் எங்களை வெளியே விரட்டினார். ஊசி போட்டவர்களும் என்-95 மாஸ்க் இல்லாமல் உள்ளே வரக் கூடாது, குழந்தையை வேறு அறைக்கு மாற்றிய பிறகும் இரண்டு மணி நேரம் அந்த அறைக் காற்றை நம்பக் கூடாது என்றார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர் சிஸ்டர் ஒருவர்தான். முப்பது வருடம் தட்டம்மை எப்படி அவரைத் தொடாமல் போனது? இன்று அதே வேலையில் இருக்கும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. டாக்டரைக் கேட்டால் அதிர்ஷ்டம் என்றார். அதிர்ஷ்டத்தை நோட்டில் எப்படி எழுதுவது?

அன்றே சிஸ்டர் ஊசி போட்டுக்கொண்டார். ஆனாலும் குழந்தையைத் தூக்கிய நாளிலிருந்து எண்ணி, ஐந்தாம் நாள் முதல் இருபத்தொன்றாம் நாள்வரை வேலைக்கு வரக் கூடாது. அவரே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. வேலை போகட்டும், மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டில் நிறைமாத மகள் இருந்தாள். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்த பெண். அவள் ஊசி போட்டதற்குச் சீட்டு இல்லை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இப்போது போடவும் கூடாது. நான்காம் நாள் காலையில் சிஸ்டர் அவளைக் காரில் ஏற்றிக் கிள்ளைக்கு, மாமியார் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

"பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போன பொண்ணத் திருப்பி அனுப்புறவங்கள இப்பத்தான் பாக்குறோம்" என்றாராம் சம்பந்தியம்மா. அடுத்த வாரம் பேத்தி பிறந்தாள். மருமகன் அனுப்பிய போட்டோவில்தான் சிஸ்டர் பார்த்தார்.

இருபத்திரண்டாம் நாள் வேலைக்கு வந்தார். ஒரு பொட்டுக் காய்ச்சல்கூட வந்திருக்கவில்லை. அப்படியானால் மகளை வீணாக அல்லவா அனுப்பினீர்கள் என்று வாய் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"வரலன்னு இன்னிக்குத் தெரியுதும்மா. அன்னிக்கு யாருக்குத் தெரியும்?"

சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் கிள்ளை பஸ்ஸுக்குக் கிளம்பினார். மகள் அதுவரை அவர் போனை எடுக்கவே இல்லை.