லைசென்ஸ் உள்ள வீடு

எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால், அது பிறந்தநாள் விழாவானாலும் செத்தவீடானாலும், டிவி லைசென்ஸ் கதை எப்படியும் வந்துவிடும். இங்கிலாந்தில் வீட்டில் டிவி பார்க்க வருடாவருடம் கட்டவேண்டிய காசு அது, கட்டாத வீடுகளைச் சோதிக்க ஆள் வரும். ஒருவர் தான் ஒருநாளும் அதைக் கட்டியதில்லை என்பார். இன்னொருவர், ஆள் வந்து கேட்டால் என்ன சொல்லித் திருப்பி அனுப்பவேண்டும் என்று வகுப்பே எடுப்பார். இடையில் நான் வாயைத் திறந்து, "நான் கட்டுறன்" என்றால், எல்லோரும் என்னை ஏதோ சுகமில்லாதவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் கட்டுகிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கிற உத்தேசமும் இல்லை.

காசுக்குப் பெறுமதி உண்டா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. நான் லண்டனில், ஹவுன்ஸ்லோவில் இருக்கிறேன். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை. வந்த காலத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பஸ்ஸுக்குக்கூடப் போதாது. வேலை முடிந்து வந்து, டிவியில் எழுத்துகளையும் ஓடவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்தேன். வானிலை, தோட்டம், கேக் போட்டி, தேர்தல், எதையும் விடவில்லை. என் ஷிப்டை மாற்ற முடியாது என்று சூப்பர்வைசர் சொன்னபோது நான் திருப்பிக் கதைத்த ஆங்கிலம் எந்த வகுப்பிலும் படித்ததல்ல. மந்திரிமாரைக் குறுக்குக்கேள்வி கேட்டு மடக்கும் ஒரு பெண்மணியிடம், என் வீட்டு சோபாவில் இருந்தபடி படித்தது. ஷிப்ட் மாறியது. அந்த ஆங்கிலத்துக்கு ஒரு நாளைக்கு நான் கொடுத்தது கடையில் குடிக்கும் ஒரு தேத்தண்ணிக் காசுகூட இல்லை.

இது என் கணவருக்கு விளங்காது. பெற்றோல் ஸ்டேசனில் வேலை முடிந்து வந்தால், தமிழ்ச் சனல்கள் வரும் பொக்ஸைப் போட்டுக்கொண்டு சீரியலுக்குள் இறங்கிவிடுவார். தமிழ்ச் சனலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது அவருடைய நம்பிக்கை. அவர் மட்டுமல்ல, எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

"எங்கட சீரியலைப் பாக்கிறதுக்கு வெள்ளைக்காரனுக்கு ஏன் காசு?" என்பார்.

"எந்த நாட்டுச் சனல் எண்டாலும், அது போற நேரத்தில பாத்தால் லைசென்ஸ் வேணும்."

"அவங்களுக்குத் தமிழ் விளங்குமோ?"

குரோய்டனில் கணக்காளராக இருக்கும் மகளும் தகப்பன் பக்கம்தான். "அம்மா, நொட் வேர்த் இட்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். பிள்ளையைக் கணக்குப் படிக்கவைத்ததும் அதே சமையற்கூடத்துச் சம்பளம்தான் என்பதை நான் அவளுக்குச் சொல்லிக்காட்டவில்லை. இப்போது எழுதிவிட்டேன், பரவாயில்லை.

ஆனால் நான் அதைக் கட்டத் தொடங்கிய காரணம் ஆங்கிலம் அல்ல. வந்த புதிதில், அகதி வழக்கு முடிவாகாத நிலையில், தூரத்து உறவுக்காரர் ஒருவரின் வீட்டில் பலரோடு இருந்தேன். ஒரு பகல் நேரம் கதவு தட்டுப்பட்டது. ஜன்னலால் எட்டிப் பார்த்த யாரோ, "கழுத்தில கார்ட் போட்ட ஆள்" என்றார். அவ்வளவுதான். குடிவரவுக்காரர் பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று வீடே முடிவுகட்டிவிட்டது. டிவி நின்றது, அடுப்பு நின்றது, பேச்சு நின்றது. நான் பிரீசருக்கும் சுவருக்கும் நடுவில், அரிசி மூட்டைகளோடு இன்னொரு மூட்டையாகக் குந்தியிருந்தேன். ஆள் போனபிறகு, கதவிடுக்கால் விழுந்திருந்த துண்டை எடுத்துப் பார்த்தால் டிவி லைசென்ஸ் சமாச்சாரம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு டிவிப்பெட்டிக்காக மனுசி ஒருத்தி இப்படிக் குந்தியிருப்பதா? விசா கிடைத்து, எனக்கென்று ஓர் அறை எடுத்தபோது, கட்டில் வாங்க முன்னம் லைசென்ஸ் வாங்கினேன். இந்த நாட்டில் யாரும் கேட்காமல் நானாகப் போய் என் பெயரைக் கொடுத்த முதல் இடம் அதுதான்.

போன வருடம் என் தங்கையின் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினாள். அவளுக்கும் வழக்கு நடக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை, ஆங்கிலம் நான் வந்தபோது இருந்ததைவிடப் பலமடங்கு நல்லது. ஆனால் கதவு தட்டுப்பட்டால் முகம் வெளுத்துவிடும். பார்சல்காரன் வந்தாலும் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வாள். அங்கே அவர்கள் வீட்டுக் கதவை யார் யார் தட்டினார்கள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் கவலை வேறு. அவளுக்கு நேர்காணல் வரப்போகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரியின் முகத்தைப் பார்த்து, நடந்ததையெல்லாம் அவள் தன் வாயால் சொல்லவேண்டும். பார்சல்காரனையே பார்க்கப் பயப்படுகிறவள் அங்கே எப்படி வாய் திறப்பாள்? வாய் திறக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே நான் பாடம் தொடங்கினேன். "இஞ்ச பார் பிள்ளை, இந்த வீட்டில ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. கவுன்சில் டக்ஸ் கட்டுறம். டிவி லைசென்ஸும் கட்டுறம். எங்கட ஆக்களில ஆர் வீட்டில அது இருக்கு? ஆர் வந்தாலும் கதவைத் திறந்து, முகத்தைப் பாத்து, உள்ளதைச் சொல்லு." இதை எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. நானே வெளியே போய் நின்று கதவைத் தட்டுவேன், அவள் திறந்து, "குட் ஈவினிங்" சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் எங்களை என்ன நினைத்தாரோ.

பிறகு, தைமாதத்தில் ஒரு பின்னேரம். நான் வேலையால் வந்து மாடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கீழே சீரியல் முழுச் சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. கதவு தட்டுப்பட்டது. குளியலறைப் பக்கம் அவள் ஓடிவருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. கதவு திறக்கும் சத்தம்தான் கேட்டது.

"குட் ஈவினிங்" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. வந்தவர் ஏதோ கேட்டார். ஓம், டிவி இருக்கிறது, இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், என் பெரியம்மாவிடம் லைசென்ஸ் இருக்கிறது, உள்ளே வந்து பாருங்கள் என்று அவள் ஆங்கிலத்தில் சொல்வது மாடிப்படிக்குக் கேட்டது. ஈர முகத்தோடு அப்படியே நின்றேன். என் மகள் பட்டம் வாங்கிய அன்றுகூட இவ்வளவு பெருமைப்பட்டேனா என்று தெரியாது.

நான் இறங்கி வந்தபோது, கழுத்தில் கார்ட் தொங்க, மழைக்கோட்டுடன் ஒரு மனிதர் வாசலில் நின்றார். மரியாதையான ஆள். "மன்னிக்கவேண்டும், இந்த முகவரிக்கு லைசென்ஸ் இல்லை" என்றார்.

இருக்கவே முடியாது, திரும்பப் பாருங்கள் என்றேன். கையிலிருந்த கருவியில் திரும்பப் பார்த்தார். இருந்ததாம், நிறுத்தப்பட்டுவிட்டதாம்.

வங்கிக் காரியங்களையெல்லாம் கைபேசியில் பார்ப்பது என் கணவர்தான். திரும்பி சோபாவைப் பார்த்தேன். தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது, ஆளைக் காணவில்லை. சமைக்கிற குசினிக்குப் போனேன். லைட்டை அணைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால், ரிமோட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

"என்ன செய்தனீங்கள்?" என்றேன்.

"கார்த்திகையோட நிப்பாட்டிப்போட்டன். சொன்னால் சண்டை பிடிப்பீர் எண்டுதான் சொல்லேல்லை." பிறகு இன்னும் குரலைத் தாழ்த்தி, "டிவி பழுது எண்டு சொல்லி அனுப்பும்" என்றார்.

முன்னறையில் கதாநாயகி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரிமோட்டைப் பறித்து அவர் தலையில் போட்டிருப்பேன். காசு போனால் போகட்டும். நான் இவ்வளவு காலம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்ததைப் பொய்யாக்கிவிட்டாரே, அந்தப் பொய்யை நம்பி ஒரு பிள்ளை கதவைத் திறந்துவிட்டதே என்றுதான் கொதித்தது.

நடையில் அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். "பெரியம்மா, நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ? என்ர கேசுக்கு ஏதும் வருமோ?"

"நீ உண்மையைத்தான் சொன்னனீ. உன்ர கேசுக்கும் இதுக்கும் ஒரு தொடுசலும் இல்லை. பிழை விட்டது நாங்கள்" என்றேன்.

டிவி பழுது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலுக்குப் போய், நாங்கள் பார்க்கிறோம், நிறுத்தியது எங்கள் தவறு, இப்போதே எடுக்கிறோம் என்று அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கண்டதை எழுதியாக வேண்டும், அதற்குப் பிறகு நடவடிக்கை வருவதும் வராததும் அலுவலகத்தைப் பொறுத்தது, ஆனால் லைசென்ஸை இப்போதே எடுக்கலாம் என்றார். நான் கைபேசியை எடுத்தேன். யாருடைய பெயரில் என்று கேட்டார்.

அப்போதுதான் அவள் குசினிப் பக்கம் திரும்பினாள். இருட்டுக்குள் நின்றவரை அவளும் கண்டுவிட்டாள்.

"பெரியப்பா, உங்களிட்ட இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்குத்தானே. நீங்கள் ஏன் ஒளிச்சனீங்கள்?"

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வாசலில் நின்ற மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை, மழைக்கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு பொறுமையாக நின்றார்.

என் கணவர் தன் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். "பழக்கம், பிள்ளை" என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் ஆத்திரம் முழுவதும் இறங்கிவிட்டது. பெற்றோல் ஸ்டேசனில் கத்தியோடு வந்தவனையே மறித்து நின்ற மனிதர் இவர். இந்த வீட்டில் பாடம் தேவைப்பட்டது இரண்டு பேருக்கு, நான் ஒருத்திக்குத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

குசினி லைட் எரிந்தது. இவர் வெளியே வந்து, ரிமோட்டைச் சோபாவில் போட்டுவிட்டு, நடையைத் தாண்டி எனக்கு முன்னால் போய் நின்றார். "என்ர பேரில எடும்" என்று எனக்குச் சொன்னார். பிறகு அந்த மனிதரிடம் ஆங்கிலத்தில், நிறுத்தியது நான், என் மனைவிக்குத் தெரியாது, இந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாது, என்னை எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

வந்த மனிதர் பேனாவை எடுத்துப் பெயரைக் கேட்டார். எங்கள் ஆட்களின் பெயர்கள் நீளமானவை. வேலையிடத்தில் இவரே அதைப் பாதியாக வெட்டித்தான் வைத்திருக்கிறார். அன்றைக்கு வெட்டவில்லை. திறந்த கதவில் நின்று, குளிர் உள்ளே வந்துகொண்டிருக்க, தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுப்பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.